தள்ளாது, திருப்பும்: ஓடும் மின்துகளின் மேல் காந்தவிசை

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு அருகே கடலைப் பார்த்து நின்றுகொள்ளுங்கள். எதிரே கிழக்கு. முதுகுப் பக்கம் விழுப்புரம், அது மேற்கு. இடக்கைப் பக்கம் மரக்காணம், சென்னை; வலக்கைப் பக்கம் கடலூர். மேல், கீழ் இரண்டுக்கும் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கும் பழைய கலங்கரை விளக்கம் போதும். கடலூர்க்காரர்கள் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நின்றாலும் இதே கணக்குதான். வலப்பக்கம் கடலூருக்குப் பதில் பரங்கிப்பேட்டை வரும், அவ்வளவே. இந்த ஆறு திசைகளும் கண்ணை மூடினாலும் தெரிகிற அளவுக்குப் பழகிவிட்டால் பாடத்தில் பாதி முடிந்தது. காந்தவிசைப் பாடத்தில் மாணவர்கள் சூத்திரத்தில் தடுக்குவது குறைவு, திசையில் தடுக்குவதுதான் அதிகம்.

இப்போது நீங்கள் நிற்கிற இடத்தில் ஒரு காந்தப்புலம் இருக்கிறது. பூமியின் புலம். இந்தப் பகுதியில் அதன் அளவு சுமார் 40 மைக்ரோடெஸ்லா (டெஸ்லா காந்தப்புலத்தின் அலகு; மைக்ரோ என்றால் அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). திசை, ஏறத்தாழ தெற்கிலிருந்து வடக்கு: கடலூரிலிருந்து சென்னைக்குப் போகிற பக்கம். காந்த நடுக்கோடு (புலம் முழுக்கக் கிடைமட்டமாகிவிடும் கோடு) தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டிப் போவதால் நம் ஊரில் இந்தப் புலம் தரைக்குள் செங்குத்தாக இறங்குவதில்லை. தரையோடு படுத்தமாதிரி, பத்து டிகிரியை ஒட்டிய சிறு சாய்வோடு போகிறது. ஐரோப்பாவில் விற்கும் திசைகாட்டி ஊசியில், முனை கீழே சாயாமல் இருக்க எதிர்ப்பக்கம் சிறு எடை வைப்பார்கள். இங்கே அதற்கு அதிக வேலையில்லை. இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் காந்த ஆய்வகங்களில் ஒன்று புதுச்சேரியிலேயே இருக்கிறது.

புலம் இருக்கிறது. அதில் ஒரு மின்துகளை வைத்தால் என்ன ஆகும்?

சும்மா வைத்தால் ஒன்றும் ஆகாது. ஒரு புரோட்டானை அசையாமல் நிறுத்தினால் காந்தப்புலம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. சென்னைப் பக்கமோ கடலூர்ப் பக்கமோ, அதாவது புலக்கோட்டின் வழியாகவே, ஓடவிட்டாலும் ஒன்றும் ஆகாது. புலத்தைக் குறுக்கே வெட்டி ஓடினால் மட்டும் விசை வருகிறது. அந்த விசை துகள் போகும் திசையிலும் இராது, புலத்தின் திசையிலும் இராது. இரண்டுக்கும் செங்குத்தாக, பக்கவாட்டில் வரும். மின்புலத்துக்கும் காந்தப்புலத்துக்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கேதான். மின்புலம் நிற்கிற துகளையும் தன் திசையிலேயே இழுக்கும். காந்தப்புலம் ஓடுகிறவனை மட்டும், அதுவும் விலாவில் இடிக்கும்.

சிலர் இதை வீட்டில் சோதிக்க, தலைமுடியில் தேய்த்த பிளாஸ்டிக் சீப்பை நூலில் தொங்கவிட்டு அருகில் காந்தத்தைக் கொண்டுபோவார்கள். சீப்பு காந்தத்தை நோக்கி வரும். 'நிற்கிற மின்னூட்டத்தையும் காந்தம் இழுக்கிறதே' என்று குழப்பம் தொடங்கும். காந்தத்தை எடுத்துவிட்டு ஒரு பித்தளைச் சாவியைக் காட்டுங்கள். அதே மாதிரி வரும். கடையில் கிடைக்கும் வலுவான நியோடிமியம் காந்தத்தின் மேல் நிக்கல் பூச்சு இருக்கிறது. அந்த உலோகத்தில் சீப்பின் மின்னூட்டம் எதிர் மின்னூட்டத்தைத் தூண்டுகிறது, அதனால் வந்த இழுப்பு இது. காந்தத்துக்கு இதில் பங்கில்லை.

அளவு

விசை = மின்னூட்டம் × வேகம் × காந்தப்புலம் × சைன் (கோணம்). கோணம் என்பது துகள் ஓடும் திசைக்கும் புலத்துக்கும் இடையில் உள்ளது. இணையாக ஓடினால் கோணம் 0, சைன் 0, விசையும் 0. செங்குத்தாக வெட்டினால் 90 டிகிரி, சைன் 1, விசை முழு அளவில். 30 டிகிரியில் வெட்டினால் பாதி. தேர்வில் கோணத்தைத் தரையிலிருந்தோ தாளின் ஓரத்திலிருந்தோ அளந்து போட்டுவிடுவது வழக்கமான தவறு. அளக்க வேண்டியது புலக்கோட்டிலிருந்து.

டெஸ்லா என்ற அலகும் இந்தச் சூத்திரத்திலிருந்தே பிறக்கிறது. ஒரு கூலும் மின்னூட்டம், விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் புலத்தைச் செங்குத்தாக வெட்டும்போது ஒரு நியூட்டன் விசை வந்தால், அந்தப் புலம் ஒரு டெஸ்லா. அது பெரிய அளவு. நல்ல நியோடிமியம் காந்தத்தை ஒட்டித் தொட்டால்கூட 0.3 முதல் 0.5 டெஸ்லாதான். மருத்துவமனை எம்ஆர்ஐ இயந்திரத்துக்குள் 1.5 அல்லது 3 டெஸ்லா.

ஒரு கணக்கு போடுவோம். பழைய பிக்சர் டியூப் டிவி. கலர் டிவியில் எலக்ட்ரான்களை ஏறக்குறைய 25,000 வோல்ட் கொடுத்து முடுக்குவார்கள். திரையை நெருங்கும்போது வேகம் விநாடிக்கு சுமார் 9 கோடி மீட்டர், ஒளிவேகத்தில் 30 சதவீதம். எலக்ட்ரானின் மின்னூட்டம் 1.6 × 10⁻¹⁹ கூலும். புதுச்சேரியின் 40 மைக்ரோடெஸ்லாவை அது செங்குத்தாக வெட்டினால் விசை 5.8 × 10⁻¹⁶ நியூட்டன். கேட்க அற்பம். ஆனால் எலக்ட்ரானின் எடையோடு ஒப்பிட்டால் இது 6.5 × 10¹³ மடங்கு. அதனால்தான் இத்தகைய கணக்குகளில் புவியீர்ப்பைக் கண்டுகொள்வதே இல்லை.

திசை: இடக்கை மட்டும்

ஃபிளமிங்கின் இடக்கை விதி எல்லாருக்கும் தெரியும். கை எப்படித் திரும்ப வேண்டும் என்பதில்தான் சிக்கல். கடலைப் பார்த்து நில்லுங்கள். இடக்கையை இடப்பக்கம் நீட்டுங்கள், உள்ளங்கை தரையைப் பார்க்கட்டும். ஆள்காட்டி விரல் சென்னையைக் காட்டட்டும், அது புலம். கட்டைவிரலை விரித்தால் தானாகக் கடலைக் காட்டும். நடுவிரலை மடித்துத் தரையைப் பார்க்க வையுங்கள். நடுவிரல், நேர்மின் துகள் ஓடும் திசை. கட்டைவிரல், விசை.

ஆகவே வானத்திலிருந்து நேர்கீழாக விழும் ஒரு புரோட்டானைப் பூமியின் காந்தப்புலம் கடல் பக்கம் தள்ளுகிறது. அதே இடத்தில் விழும் எலக்ட்ரானை? விழுப்புரம் பக்கம். எதிர்மின் துகளுக்கு விடையைத் தலைகீழாக்க வேண்டும். இதை மறந்துவிடுவதுதான் இந்தப் பாடத்தில் மிக அதிகமாக மதிப்பெண் தின்னும் தவறு. ஒரே வழியைப் பழக்கமாக்கிக்கொள்வது நல்லது: எலக்ட்ரான் என்றால், முதலில் நடுவிரலை அது ஓடும் திசைக்கு நேர் எதிரே வைத்துவிட்டுப் பிறகு கட்டைவிரலைப் பாருங்கள். கடைசியில் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால் பரபரப்பில் விட்டுப்போகும். எழுதும் கையில் பேனா இருப்பதால் இடக்கையே வசதி. பேனாவைக் கீழே வைத்து வலக்கையைத் தூக்கியவருக்கு விடை தலைகீழாக வரும்.

அந்த டிவிக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். திரை கிழக்கைப் பார்க்க வைத்தால் எலக்ட்ரான் கற்றை கிழக்கே ஓடுகிறது, விசை கீழ்நோக்கி. மேற்கைப் பார்க்க வைத்தால் மேல்நோக்கி. வடக்கோ தெற்கோ பார்த்திருந்தால் கற்றை புலத்தோடு ஏறக்குறைய இணையாக ஓடுவதால் பாதிப்பு மிகக் குறைவு. 30 சென்டிமீட்டர் தூரம் பறப்பதற்குள் கற்றை மூன்று, மூன்றரை மில்லிமீட்டர் விலகிவிடும். கலர் புள்ளிகள் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் இருக்கும் திரைக்கு இது பெரிய விலகல். டிவியை ஆன் செய்ததும் 'டுங்' என்று ஒரு சத்தம் கேட்குமே, அது திரைக்குப் பின்னாலுள்ள இரும்புத் தகட்டில் ஒட்டிக்கொண்ட காந்தத்தன்மையை ஒரு சுருள் நீக்கும் சத்தம். ஸ்பீக்கர் காந்தத்தைத் திரைக்கு அருகே கொண்டுபோனால் பச்சையும் ஊதாவுமாகத் திட்டு விழுந்து, காந்தத்தை எடுத்த பிறகும் போகாமல் நிற்பதற்கும் அந்தத் தகடுதான் காரணம்.

வேகம் ஏன் மாறுவதில்லை

வில்லியனூர் தேரை நினைத்துப் பாருங்கள். வடம் பிடித்து இழுப்பவர்கள் தேரை முன்னால் நகர்த்துகிறார்கள். வீதி முனையில் திருப்ப வேண்டும். அதற்கு வடம் மட்டும் போதாது, சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போடுகிறவர் வேண்டும். மின்புலம் வடம் மாதிரி, காந்தப்புலம் முட்டுக்கட்டை மாதிரி. ஒப்புமை ஒரு இடத்தில் உடைகிறது: முட்டுக்கட்டை உராய்ந்து தேரின் வேகத்தையும் குறைக்கும். காந்தவிசை கொஞ்சமும் குறைக்காது. எந்தக் கணத்திலும் அது ஓட்டத்துக்குச் செங்குத்தாகவே இருப்பதால் அது செய்யும் வேலை சுழி. ஆற்றல் கூடாது, குறையாது. திசை மட்டும் மாறும்.

திசை மட்டும் இடைவிடாமல், ஒரே அளவில் மாறிக்கொண்டிருந்தால் பாதை வட்டம். வட்டத்தின் ஆரம் = (நிறை × வேகம்) ÷ (மின்னூட்டம் × புலம்). நமது டிவி எலக்ட்ரானை வெற்றிடத்தில் தடையின்றி விட்டால் பூமியின் புலத்தில் சுமார் 13 மீட்டர் ஆரமுள்ள வட்டம் போடும். புலத்தை இரட்டிப்பாக்கினால் ஆரம் பாதி. வேகத்தை இரட்டிப்பாக்கினால் ஆரமும் இரண்டு மடங்கு.

இதிலிருந்து எதிர்பாராத ஒன்று வருகிறது. வேகமான துகள் பெரிய வட்டம் போடுகிறது. மெதுவான துகள் சின்ன வட்டம். எவ்வளவு மடங்கு வேகமோ அவ்வளவு மடங்கு சுற்றளவு. ஆகவே ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் இரண்டுக்கும் ஒன்றே. 40 மைக்ரோடெஸ்லாவில் எலக்ட்ரான் விநாடிக்குச் சுமார் 11 லட்சம் சுற்று சுற்றும், அது மெதுவானதாக இருந்தாலும் விரைவானதாக இருந்தாலும். 11 லட்சம் ஹெர்ட்ஸ் என்பது மீடியம் வேவ் வானொலியின் நடுப்பகுதி. 1836 மடங்கு கனமான புரோட்டான் அதே புலத்தில் விநாடிக்கு 610 சுற்றுதான். 1930-களின் தொடக்கத்தில் எர்னஸ்ட் லாரன்ஸ் கட்டிய சைக்ளோட்ரான் (துகளைச் சுற்றவிட்டுச் சுற்றவிட்டு முடுக்கும் கருவி) இந்தச் சமநேரத்தை நம்பித்தான் ஓடியது: துகள் எவ்வளவு வேகமெடுத்தாலும் மின்புலத்தை ஒரே தாளத்தில் மாற்றிக்கொண்டிருந்தால் போதும். வேகம் ஒளிவேகத்தை நெருங்கும்போது தாளம் தப்பும். அது சார்பியல் பாடம், இங்கே வேண்டாம். ஒரு எச்சரிக்கை: இந்த லாரன்ஸ் வேறு, இந்த விசைக்கு 'லாரன்ஸ் விசை' என்று பெயர் தந்த டச்சுக்காரர் ஹென்ட்ரிக் லாரன்ஸ் வேறு. தமிழில் இரண்டு பேரையும் ஒரே மாதிரி எழுதுவதால் ஒருவரே என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு.

துகள் சாய்வாக நுழைந்தால், புலத்தோடு இணையான வேகப்பகுதி தொடப்படாமல் அப்படியே ஓடும், குறுக்கான பகுதி சுற்றும். இரண்டும் சேர்ந்தால் பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங் வடிவப் பாதை.

ஒரு டம்ளர் கடல்நீரில் பார்க்கலாம்

எலக்ட்ரான் வளைவதைப் பார்க்க வெற்றிடக் குழாய் வேண்டும். அயனிகள் தள்ளப்படுவதைப் பார்க்க ஒரு டம்ளர் கடல்நீர் போதும். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. கடற்கரை தூரமென்றால் 200 மில்லி தண்ணீரில் ஒரு டீஸ்பூன் நிறைய மரக்காணத்து உப்பைக் கரைத்துக்கொள்ளலாம், 7 கிராம் அளவுக்கு. வெறும் குழாய்த் தண்ணீர் ஒத்துவராது; அயனிகள் போதாமல் மின்னோட்டம் சில மில்லிஆம்பியரிலேயே நின்றுவிடும்.

உள்விட்டம் 10 சென்டிமீட்டர் அளவுள்ள, அடி தட்டையான, மெல்லிய பிளாஸ்டிக் டப்பா மூடி ஒன்று வேண்டும். எவர்சில்வர் தட்டு கூடாது: மின்சாரம் தண்ணீரை விட்டுத் தட்டு வழியாகவே போய்விடும், இரும்புத் தட்டானால் காந்தப்புலத்தையும் விழுங்கிவிடும். மூடியின் உள்சுவரை ஒட்டி, உறை நீக்கிய செம்புக் கம்பியை வளையமாகப் போடுங்கள். நடுவில் இருபக்கமும் சீவிய பென்சில் ஒன்றைச் செங்குத்தாக நிறுத்துங்கள்; அதன் கரிமுனை தண்ணீரைத் தொட வேண்டும். மூடிக்கு அடியில் நடுவாக ஒரு வட்டமான நியோடிமியம் காந்தம், அல்லது பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம். உப்புநீரை அரை சென்டிமீட்டர் உயரத்துக்கு மட்டும் ஊற்றி, மேலே ஒரு சிட்டிகை மிளகுத்தூள் தூவுங்கள். மிளகுத்தூள்தான் ஓட்டத்தைக் காட்டிக்கொடுக்கும்.

9 வோல்ட் சதுர பேட்டரியின் நேர்முனையைப் பென்சிலின் மேல்முனைக்கும், எதிர்முனையைச் செம்பு வளையத்துக்கும் கொடுங்கள். ஒன்றிரண்டு விநாடியில் தண்ணீர் சுழலத் தொடங்கும். காந்தத்தின் வடமுனை மேலே பார்த்திருந்தால், மேலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுழலும். காந்தத்தைக் கவிழ்த்தால் இடஞ்சுழி. எது வடமுனை என்று தெரியாவிட்டால் காந்தத்தை விளிம்பில் நூல் கட்டித் தொங்கவிடுங்கள். சென்னைப் பக்கம் திரும்பி நிற்கும் முகம் வடமுனை. பூமியின் புலம் நம் ஊரில் ஏறக்குறைய முழுவதும் கிடைமட்டமாக இருப்பதால் இந்தச் சோதனை இங்கே சட்டென்று வேலை செய்யும்.

மூடிக்குள் மின்னோட்டம் 0.4 ஆம்பியர் என்று வைப்போம். தண்ணீரில் சராசரிப் புலம் 0.05 டெஸ்லா, பாதை நீளம் 5 சென்டிமீட்டர் என்று வைத்தால் மொத்த விசை ஒரு மில்லிநியூட்டன், அதாவது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு எடைக்குச் சமம். 40 கிராம் தண்ணீரைச் சுழற்ற அது போதும். ஆழமாக ஊற்றினால் அதே விசை கூடுதல் எடையைத் தள்ள வேண்டும். மேல்மட்டத் தண்ணீர் காந்தத்தைவிட்டு விலகியும் போகிறது. 'சுற்றவே இல்லை' என்று சொல்பவர்களில் பலர் இரண்டு சென்டிமீட்டருக்கு ஊற்றியிருப்பார்கள். இன்னொரு காரணம் பேட்டரி: சின்ன 9 வோல்ட் பேட்டரி இந்த மின்னோட்டத்தில் சில நிமிடங்களிலேயே சோர்ந்துவிடும். பழைய ரவுட்டரின் 12 வோல்ட் டிசி அடாப்டர் இருந்தால் அது மேல். வீட்டு மின் இணைப்பை நேரடியாக எந்தக் காரணத்துக்காகவும் இதில் கொடுக்கக் கூடாது.

பென்சில் பக்கம் நேர்முனையைக் கொடுக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. நேர்முனையில் குளோரின் வாயு வரும். கரி அதைத் தாங்கும். செம்பை நேர்முனையில் மாட்டினால் அது கரைந்து தண்ணீர் பச்சையாகக் கலங்கும். எனவே சுழற்சியைத் தலைகீழாக்க வேண்டுமானால் பேட்டரியை மாற்ற வேண்டாம், காந்தத்தைக் கவிழ்த்தால் போதும். நீச்சல்குள வாசனை வந்தால் அது குளோரின்தான்: ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓட்ட வேண்டாம். காந்தங்களைச் சிறு குழந்தைகள் எடுக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு நியோடிமியம் காந்தங்களை விழுங்கினால் குடலை இடையில் வைத்து ஒன்றையொன்று இறுக்கிக்கொள்ளும். அறுவை சிகிச்சை வரை போகும்.

இந்த மூடிக்குள் கவனிக்க வேண்டியது வேறொன்று. உப்புநீரில் இரண்டு வகைத் துகள்கள் இருக்கின்றன: நேர்மின் சோடியம் அயனி, எதிர்மின் குளோரைடு அயனி. சோடியம் நடுவிலிருந்து வெளியே போகிறது, குளோரைடு வெளியிலிருந்து நடுவுக்கு வருகிறது. எதிரெதிராகப் போகும் இரண்டையும் காந்தம் எதிரெதிராகத் தள்ளி, தண்ணீர் நகராமல் நிற்க வேண்டாமா? சூத்திரத்தைப் பாருங்கள். மின்னூட்டமும் வேகமும் பெருக்கலில் இருக்கின்றன. குளோரைடுக்கு இரண்டுமே குறி மாறிவிட்டன. பெருக்கினால் மாறாத குறிதான் கிடைக்கும். ஆகவே இரண்டும் ஒரே பக்கம் தள்ளப்படுகின்றன, தண்ணீரையும் இழுத்துக்கொண்டு. மின்னோட்டத்தின் திசை தெரிந்தால் போதும், உள்ளே ஓடுவது எந்தத் துகள் என்று தெரிய வேண்டியதில்லை என்று மோட்டார் கணக்குகளில் சொல்வதன் பொருள் இதுவே. வீட்டு மின்விசிறி மோட்டாரின் கம்பியில் ஓடுவது எலக்ட்ரான் மட்டும், கணக்கு மாறவில்லை.

அயனிகள் விரைந்து பறப்பதாகவும் நினைக்க வேண்டாம். இந்த மூடிக்குள் சோடியம் அயனி மின்புலத்தால் நகரும் வேகம் விநாடிக்கு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. நத்தை இதைவிடப் பலமடங்கு வேகம். ஒவ்வொன்றும் பெறும் தள்ளல் கணக்கில் எடுக்க முடியாத சிறியது. எண்ணிக்கை எண்ணமுடியாத பெரியது.

திருப்பிப் போட்டால் அளவுக் கருவி

மூடியில் மின்சாரம் கொடுத்துத் தண்ணீரை ஓட்டினோம். தண்ணீரை ஓடவிட்டு மின்சாரம் எடுக்கவும் முடியும். குழாயில் ஓடும் உப்புநீருக்குக் குறுக்கே காந்தப்புலம் இருந்தால், தண்ணீரோடு சேர்ந்து ஓடும் நேர் அயனிகள் ஒரு சுவருக்கும் எதிர் அயனிகள் எதிர்ச் சுவருக்கும் தள்ளப்படும். இங்கே இரண்டு வகையும் ஒரே திசையில் ஓடுகின்றன, அதனால் பிரிகின்றன. சுவர்களுக்கிடையே தோன்றும் மின்னழுத்தம் = புலம் × குழாய் விட்டம் × வேகம். கடலூர் சிப்காட் போன்ற தொழிற்பேட்டைகளில் ரசாயனக் குழாய்களிலும் பெரிய குடிநீர்க் குழாய்களிலும் ஓட்டத்தை அளக்க மாட்டப்படும் மேக்ஃப்ளோ மீட்டர் இந்த வகை. 10 சென்டிமீட்டர் குழாய், 5 மில்லிடெஸ்லா புலம், விநாடிக்கு 2 மீட்டர் ஓட்டம் என்றால் கிடைப்பது ஒரு மில்லிவோல்ட். அவ்வளவு சிறிய சமிக்ஞை என்பதால் எர்த் சரியில்லாவிட்டால் மீட்டர் தாறுமாறாகக் காட்டும். குழாய் முழுக்க நிரம்பி ஓட வேண்டும்; பாதிக் குழாயில் ஓடினால் அளவு கூடுதலாகக் காட்டும். வளைவுக்கோ வால்வுக்கோ பக்கத்திலேயே மாட்டினால் ஓட்டம் கலங்கிக் கணக்கு பிசகும்; மீட்டருக்கு முன்னால் குறைந்தது ஐந்து விட்டத் தூரம் நேர்க்குழாய் விடுவது வழக்கம். டீசலுக்கும் எண்ணெய்க்கும் இது வேலைக்கு ஆகாது, அவற்றில் அயனிகள் இல்லை.

மைக்கேல் ஃபாரடே 1832-ல் லண்டன் வாட்டர்லூ பாலத்தில் கம்பி இழுத்துத் தேம்ஸ் ஆற்று நீரிலிருந்தே இந்த மின்னழுத்தத்தை அளக்கப் பார்த்தார். காந்தம்? பூமிதான். தகடுகளில் நடந்த வேதிவினைகள் குழப்பியதால் நம்பத்தகுந்த அளவு கிடைக்கவில்லை. கடலூரில் ஓடும் கெடிலம் ஆற்றில் முயன்றிருந்தால் அவருக்கு இன்னும் மோசம். கரைக்குக் கரை மின்னழுத்தம் வர, புலத்தின் செங்குத்துப் பகுதி வேண்டும். லண்டனில் அது 45 மைக்ரோடெஸ்லாவை ஒட்டி, இங்கே அதில் ஆறில் ஒரு பங்குகூட வராது.

ரத்தமும் உப்புநீர்தான். எம்ஆர்ஐ இயந்திரத்துக்குள் படுத்திருப்பவரின் பெருந்தமனி 2.5 சென்டிமீட்டர் அகலம், இதயம் துடிக்கும்போது ரத்தம் விநாடிக்கு ஒரு மீட்டர் வரை பாயும், புலம் 1.5 டெஸ்லா. அந்த ஓட்டத்துக்குப் புலம் முழுக்கச் செங்குத்தாக இருக்குமிடத்தில் தமனியின் இரு சுவர்களுக்கிடையே 37 மில்லிவோல்ட் வரை தோன்றலாம். தோலுக்கு வருவதற்குள் பெரும்பகுதி தேய்ந்துவிடும். ஆனால் இசிஜி அளப்பதே ஒரு மில்லிவோல்ட் அளவிலான சமிக்ஞையை. அதனால் எம்ஆர்ஐக்குள் எடுக்கும் இசிஜியில் 'டி அலை' என்கிற மேடு உயர்ந்து காட்டும். இயந்திரத்தை விட்டு வெளியே வந்ததும் சரியாகிவிடும். இது இதயக் கோளாறு அல்ல என்பது அங்கே வேலை செய்பவர்களுக்குத் தெரியும். அச்சத்தோடு திரையைப் பார்க்கும் உறவினர்களுக்குத் தெரியாது.

விழுப்புரம் பக்க வானம்

மறுபடி கடற்கரைக்கு. விண்வெளியிலிருந்து இடைவிடாமல் வந்து விழும் காஸ்மிக் கதிர்கள் எந்த மின்னூட்டம் கொண்டவை என்பது 1930 வரை யாருக்கும் உறுதியாகத் தெரியாது. இத்தாலிய இயற்பியலாளர் புரூனோ ரோசி ஒரு சோதனையைச் சொன்னார்: நேர்மின் துகள்களாக இருந்தால் மேற்கு வானத்திலிருந்து அதிகமும் கிழக்கு வானத்திலிருந்து குறைவும் வர வேண்டும். எதிர்மின் என்றால் தலைகீழ்.

ஏன் என்று இடக்கையாலேயே பார்த்துவிடலாம். விழுப்புரம் பக்கமிருந்து கடலை நோக்கிச் சாய்வாக வரும் புரோட்டானின் கிழக்கு நோக்கிய ஓட்டத்தை எடுங்கள். நடுவிரல் கடல் பக்கம், ஆள்காட்டி சென்னைப் பக்கம், கட்டைவிரல் மேலே. அதன் பாதை மேல்நோக்கி வளைந்தது. வந்த வழியைப் பின்னோக்கி வரைந்தால் அது பூமியை விட்டு விலகி விண்வெளிக்குப் போகும், தடையில்லை. கடல் பக்கமிருந்து மேற்கே வரும் புரோட்டானுக்குக் கட்டைவிரல் கீழே காட்டும். அதன் பாதை கீழ்நோக்கி வளைந்தது. பின்னோக்கி வரைந்தால் பூமியின் மேலேயே முட்டும். அப்படி ஒரு பாதையில் துகள் வந்திருக்கவே முடியாது. வேகம் மிக அதிகமான, வளைவு மிகக் குறைந்த துகள்கள் மட்டுமே அந்தப் பக்கமிருந்து தப்பி வரும்.

1933-ல் மெக்சிகோ நகரத்திலும் எரித்ரியாவிலும் எண்ணிப் பார்த்தார்கள். மேற்கிலிருந்துதான் அதிகம். காஸ்மிக் கதிர்களில் பெரும்பான்மை நேர்மின் துகள்கள் என்பது ஓர் எண்ணும் கருவியை இரு பக்கமும் சாய்த்துவைத்து முடிவானது. காந்த நடுக்கோட்டை ஒட்டிய தென்னிந்தியாவில் இந்த வடிகட்டல் உலகிலேயே மிகக் கடுமையான இடங்களில் ஒன்று: தலைக்கு நேர்மேலிருந்து வர வேண்டுமானால் புரோட்டானுக்குச் சுமார் 17 ஜிகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் தேவை, அதாவது 1,700 கோடி வோல்ட் கொடுத்து முடுக்கினால் கிடைக்கும் அளவு. அதற்குக் குறைந்தது, காந்தி சிலைக்கு மேலே எங்கேயோ வளைந்து, விண்வெளிக்கே திரும்பிப் போய்விடும்.